‘மூன்று நாள் துறவி’ ஆகாமல் ஜப்பானிய மொழியைச் சொந்தமாகக் கற்க முடியுமா?

ஜப்பானிய மொழியில் ‘மிக்கா போஸு’ என்று ஒரு சொல் உண்டு. நேரடிப் பொருள், ‘மூன்று நாள் துறவி’. மொட்டையடித்து மடத்தில் சேர்ந்துவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் எழ முடியாமல் வீட்டுக்கே திரும்பிவிட்ட ஆள். எதையும் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் பாதியில் விடுபவர்களை அப்படிக் கிண்டல் செய்வார்கள். நம்ம ஊரில் இதற்குப் பெயர் ஆரம்ப சூரத்தனம். ஜப்பானிய மொழியைச் சொந்தமாகப் படிக்கக் கிளம்புகிறவர்களில் பலர், இந்தச் சொல்லைப் படிக்கும் பாடம் வருவதற்கு முன்பே அதுவாகவே ஆகிவிடுகிறார்கள்.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சென்னையில் ஐ.டி. வேலை, ஜப்பானிய வாடிக்கையாளர். அல்லது ஒரகடத்தில் ஜப்பானியத் தொழிற்சாலை. அல்லது சும்மா அனிமே பார்த்து வந்த ஆசை. ஜனவரி முதல் வாரம் செயலியைப் பதிவிறக்குகிறார்கள், புத்தகம் வாங்குகிறார்கள், யூடியூபில் பத்துச் சேனல்களைச் சப்ஸ்க்ரைப் செய்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஹிரகனா, கட்டகனா இரண்டும் கைக்கு வந்துவிடும். தலா 46 எழுத்துதான். 247 எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. மார்ச் மாதம் ஒரு ‘ரிலீஸ்’ வருகிறது, நான்கு நாள் இரவு பகலாக வேலை. அதோடு சரி. ஜூன் மாதம் போன் மெமரி நிரம்பும்போது முதலில் அழிக்கப்படுவது அந்தச் செயலி.

‘மோட்டிவேஷன் போயிடுச்சு’ என்பார்கள். உண்மையில் போனது அதுவல்ல.

கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. 1984இல் தொடங்கியது. அப்போது நான்கு நிலைகள். முதல் படியான 4ஆம் நிலைக்குச் சுமார் 800 சொற்கள், 100 கன்ஜி எழுத்துகள். 3ஆம் நிலைக்கு 1,500 சொற்கள், 300 கன்ஜி. அதற்கு அடுத்த படி? 6,000 சொற்கள், 1,000 கன்ஜி. மாடிப்படியில் இரண்டு படி ஏறியபின் மூன்றாவது படி தலைக்கு மேல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்த இடைவெளி ரொம்பப் பெரியது என்று தேர்வை நடத்துபவர்களே உணர்ந்துதான், 2010இல் என்-5 முதல் என்-1 வரை ஐந்து நிலைகளாக மாற்றியபோது நடுவில் என்-3 என்ற புதுப் படியைச் செருகினார்கள்.

அதாவது என்-4 முடித்தவர் திணறுவது அவருடைய சோம்பேறித்தனத்தால் மட்டும் அல்ல. பாதையே அங்கேதான் செங்குத்தாகிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து கற்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். 1,500 சொற்கள் தெரிந்தவர் இன்னும் ஐந்து சொல் கற்றால் எந்த வித்தியாசமும் தெரியாது. உழைப்பு அதேதான், பலன் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் ‘ஊக்கமூட்டும்’ வீடியோக்களைப் பார்ப்பதால் நடப்பது ஒன்றுதான்: படிக்க வேண்டிய அரை மணி நேரம் அதில் போய்விடும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானியத்தில் வேலைக்கு ஏற்ற திறன் பெற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறு வருடம். ‘90 நாளில் சரளமாகப் பேசலாம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டும் முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் வழியே ஏன் சுற்றிப் போக வேண்டும்?

ஆனால், அந்த 2,200 ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. தமிழ்நாட்டுப் பையன்களும் பெண்களும் ஜப்பானியம் படிக்கும்போது செய்யும் பெரிய தவறு, அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துக் கடன் வாங்குவதுதான். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் மூளையும் ஆங்கிலத்திலேயே யோசிக்கிறது.

‘வதாஷி மோ தோமொதாச்சி தோ டோக்கியோ நி இகிமாஸ்.’ இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டுப் பாருங்கள்: நான்-உம் நண்பர்-உடன் டோக்கியோ-வுக்குப் போகிறேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். ‘மோ’ என்பது ‘உம்’, ‘தோ’ என்பது ‘உடன்’, ‘நி’ என்பது ‘கு’. ஆங்கிலத்தில் இதைப் புரிந்துகொள்ள வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். கூடுதல் சலுகை ஒன்றும் உண்டு: போகிறேன், போகிறான், போகிறாள், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் அதே ‘இகிமாஸ்’தான்.

‘கினோ கத்தா ஹோன்’ என்றால் ‘நேற்று வாங்கிய புத்தகம்’. பெயரெச்சம் அப்படியே இருக்கிறது. ‘தபேதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’வுக்கு நிஜமாகவே ‘பார்’ என்றுதான் பொருள். ‘கத்தே ஒகு’ என்றால் ‘வாங்கி வை’; ‘ஒகு’ என்றால் ‘வை’. ‘வசுரேதே ஷிமாவு’ என்றால் ‘மறந்துவிடு’. இந்த ‘ஷிமாவு’வை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும்: செயல் முழுமையடைந்தது, சில சமயம் வருத்தம் கலந்தது, இப்படி. தமிழில் ‘விட்டேன்’ என்று ஒரு வார்த்தை. ‘ஐயோ, மறந்துட்டேன்’ என்பதில் அந்த வருத்தமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

இது, அது, எது என்பதற்கு ஜப்பானியத்தில் நான்கு சொற்கள்: கொரே, சொரே, அரே, தொரே. பேசுபவர் பக்கம் இருப்பது ‘கொரே’, கேட்பவர் பக்கம் இருப்பது ‘சொரே’, இருவருக்கும் தூரத்தில் இருப்பது ‘அரே’. சென்னைவாசிக்கு நடுவில் உள்ளது கொஞ்சம் குழப்பும். யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டால் சிரிப்பார்; இது, உது, அது என்று மூன்றையும் அவர் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

எழுத்து வரிசையிலும் இதே கதைதான். ஆ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இன்றைய ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’. தமிழ் அரிச்சுவடி தெரிந்தவர் இதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து முறையைப் படித்ததன் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை அது.

உடனே ‘தமிழிலிருந்துதான் ஜப்பானியம் வந்தது’ என்ற வாட்ஸ்அப் பார்வர்டு நினைவுக்கு வரும். பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருப்பதாக வாதிட்டது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. மொழி கற்பவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை. இரண்டு மொழிகளின் வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, அது போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. யோசிப்பது தமிழில் இருக்கட்டும், உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டாம். ஜப்பானியத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும். ஒன்று வல்லோசை ‘க’, மற்றது மெல்லிய ‘க’. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்’. தங்கமும் வெள்ளியும் ஒன்றாகிவிடும்! குறில், நெடில் பிரச்சினை நமக்கு இல்லை. ‘ஒபாசான்’ என்றால் அத்தை வயதுப் பெண்மணி, ‘ஒபாஆசான்’ என்று நீட்டினால் பாட்டி. இந்த நீட்டலில் தடுமாறுபவர்கள் ஆங்கிலம் பேசுபவர்கள்தான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ‘வா’, ‘கா’ என்ற இரண்டு உருபுகளின் வேறுபாடு, பொருளுக்குப் பொருள் மாறும் எண்ணிக்கைச் சொற்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதை மொழி. ‘எங்க மேனேஜர் சார் வருவார்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வது நம் பண்பு. ஜப்பானில் வெளியாரிடம் பேசும்போது சொந்த நிறுவனத்து மேலதிகாரியின் பெயரோடு ‘சான்’கூடச் சேர்க்க மாட்டார்கள், பணிவு வினையில் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அனிமேயில் கற்ற ‘ஓமாயே’வை மீட்டிங்கில் பயன்படுத்துவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அது கிட்டத்தட்ட ‘டேய்’.

அட்டைகளின் கடன்

கன்ஜிதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஜப்பான் அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அதன் அத்தனை உச்சரிப்பையும் நெட்டுருப் போடுவது போல வீண் வேலை வேறில்லை. ‘உயிர், பிறப்பு’ என்று பொருள்படும் ஒரே எழுத்து, ‘சென்செய்’ என்ற ஆசிரியரிலும் ‘கக்குசெய்’ என்ற மாணவரிலும் ‘செய்’ என்று ஒலிக்கும்; பச்சை மீன், பச்சை முட்டை என்னும்போது ‘நாமா’ ஆகிவிடும். சொல்லாகக் கற்றால் இது தானாக ஒட்டும். எழுத்தின் உருவத்தை மட்டும் உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கலாம்: ஒரு மரம் ‘மரம்’, இரண்டு மரம் ‘தோப்பு’, மூன்று மரம் ‘காடு’, மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ‘ஓய்வு’. ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால்கூட மறக்காது.

சொற்களுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ‘ஆன்கி’ செயலி. பெயரே ஜப்பானியம்; ‘மனப்பாடம்’ என்று பொருள். மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. நல்ல கருவிதான். ஆனால், சொந்தமாகப் படிப்பவர்களில் பலரைக் கொல்வதும் அதுவே. முதல் வார உற்சாகத்தில் நாளைக்கு 20 புது அட்டை என்று வைப்பார்கள். சில வாரங்களில் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டியவை நூறைத் தாண்டும். ஊருக்குத் திருவிழாவுக்குப் போய் ஐந்து நாள் விட்டால், திரும்பி வரும்போது திரையில் அறுநூறு நிற்கும். கந்துவட்டி மாதிரி. அதைப் பார்த்ததும் செயலியை மூடியவர் அப்புறம் திறப்பதே இல்லை.

புது அட்டைகள் ஐந்து, மிஞ்சிப்போனால் எட்டு. பெருந்து நெரிசலிலும் முடிக்கக்கூடிய அளவு. வருடத்துக்கு 1,800 முதல் 2,900 சொற்கள் வரை அதிலேயே வந்துவிடும். வேகம் போதாது என்று தோன்றும் நாளில் அட்டையைக் கூட்ட வேண்டாம், வேறு ஏதாவது படிக்கலாம். ஜப்பான் அறக்கட்டளையின் ‘இரோதோரி’ பாடநூல்கள் ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசம். என்எச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகளில் கன்ஜி மேல் உச்சரிப்பு அச்சிட்டிருக்கும். ‘மின்னா நோ நிஹோங்கோ’வோ ‘கெங்கி’யோ, ஏதாவது ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று. ஆறு புத்தகம் வாங்கி அலமாரியில் அடுக்குபவர்களுக்கும் ஜப்பானியத்தில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: ‘த்சுந்தோகு’, வாங்கிக் குவித்துப் படிக்காமல் விடுவது.

செயலிகளின் ‘ஸ்ட்ரீக்’ கணக்கும் ஏமாற்று வேலைதான். இரவு 11.58க்குப் போர்வைக்குள் இரண்டு கேள்விக்குப் பதில் தட்டி 300 நாள் நெருப்பை அணையாமல் காத்தவர், சாப்பாட்டுக் கடையில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

தேர்வு எதற்கு?

ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. சென்னையில் எழுதலாம், பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். சொந்தமாகப் படிப்பவருக்கு இந்தத் தேதி ரொம்ப உதவும், ஏனென்றால் கட்டணம் கட்டிய தேதியைத் தள்ளிப்போட முடியாது. 2019இல் ஜப்பான் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் திறன் தேர்வோடு என்-4 அல்லது அதற்கு இணையான மொழித் தேர்வு வேண்டும். அலுவலக வேலையில் என்-5 சான்றிதழுக்குப் பெரிய மதிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால், இந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்குவதுதான். ‘டிக்’ அடித்தே என்-2 வரை போய்விட்டு, வாடிக்கையாளர் ‘மோஷி மோஷி’ என்றதும் வியர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டலையும் விட்டுவிட முடியாது: என்-5, என்-4 தேர்வுகளில் கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காவிட்டால், மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். ஆகவே கேட்பது முதல் வாரத்திலிருந்தே நடக்கட்டும். பாடத்தின் ஒலிப்பதிவைப் போட்டு, அரை நொடி பின்னால் அதே தொனியில் கூடவே சொல்லிப் பழகுவது பலன் தரும். பக்கத்து அறையில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. வாரம் ஒருமுறை யாரோடாவது பத்து நிமிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவர் ஜப்பானியராக இருக்க வேண்டியதில்லை, கூடப் படிக்கும் நண்பரே போதும்.

சரி, எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒருநாள் விட்டுப்போகும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீடு மாற்றம், நைட் ஷிப்ட், என்னவோ ஒன்று. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருபவர் செய்யும் தவறு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. 14ஆம் பாடத்தில் விட்டிருந்தால் 9ஆம் பாடத்தைத் திறக்கலாம். அங்கே பாதி தெரிந்தது போலவே இருக்கும், ஒரு வாரத்தில் வேகம் திரும்பிவிடும். ஆன்கியில் தேங்கிய அறுநூறு அட்டைகளுக்குத் தினசரி உச்சவரம்பை முப்பது என்று மாற்றிவிட்டு, அந்த முப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.