யார் செய்தார் என்பதோடு விசாரணை முடியக்கூடாது

ஜொனி கிட்டகாவா 2019 ஜூலையில் தன் 87ஆவது வயதில் இறந்தபோது, அவர்மீது ஒரு குற்றப்பத்திரம்கூட இருக்கவில்லை. டோக்கியோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு யப்பானியப் பிரதமரே இரங்கற் செய்தி அனுப்பினார். 1962இல் அவர் தொடங்கிய நிறுவனம் பையன்களைச் சிறுவயதிலேயே எடுத்து, ஆடவும் பாடவும் பழக்கி, யப்பானின் மிகப் பெரிய பொப் குழுக்களை உருவாக்கியது. அந்தப் பையன்களை அவர் பாலியல் துஷ்பிரயோகம் செய்கிறார் என்று 1999இல் சூக்கான் புன்சூன் என்ற வார இதழ் தொடராக எழுதியது. நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. குற்றச்சாட்டின் முக்கியமான பகுதி உண்மையே என்று 2003இல் டோக்கியோ மேல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2004இல் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. நீதிமன்றம் சொல்லி முடித்த பிறகும் ஏறத்தாழப் பதினைந்து வருடம் அவர் அதே கதிரையில் இருந்தார். புதிய பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு தனிமனிதனால் இதைச் செய்ய முடியாது. 2023 மார்ச்சில் பி.பி.சி. ஆவணப்படம் ஒளிபரப்பான பின்னர்தான் நிறுவனம் விசாரணைக்கு இணங்கியது. முன்னாள் தலைமை வழக்குத்தொடுநர் ஹயாஷி மகோதோ தலைமையிலான குழு ஓகஸ்ட் இறுதியில் அறிக்கை தந்தது. 1970கள் முதல் 2010களின் நடுப்பகுதி வரை துஷ்பிரயோகம் நடந்தது, நிறுவனத்தைக் கூடவே நடத்திய அவருடைய அக்கா மேரிக்கு அது தெரிந்திருந்தது, அவர் அதை மறைத்தார் என்று குழு கண்டது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கணக்கானோர். அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்துவது ஊடகங்களைப் பற்றிய பகுதிதான். இந்த நிறுவனத்தைப் பகைத்தால் அதன் நட்சத்திரங்கள் தங்கள் நிகழ்ச்சிக்கு வரமாட்டார்கள் என்ற பயத்தில் தொலைக்காட்சிகள் நீதிமன்றத் தீர்ப்பைக்கூட உரிய செய்தியாக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் கிடைத்த கூலி நட்சத்திரங்களின் வருகை. செப்டெம்பரில் கிட்டகாவாவின் மருமகள் மன்னிப்புக் கேட்டுத் தலைமைப் பதவியை விட்டார். ஒக்டோபரில் நிறுவனத்தின் பெயரையே மாற்றி, நட்டஈடு கொடுப்பது மட்டுமே அதன் வேலை என்று அறிவித்தார்கள். 500இற்கும் மேற்பட்டோர் நட்டஈடு பெற்றிருக்கிறார்கள். விளம்பரம் கொடுத்த பெரிய கம்பனிகள் ஒவ்வொன்றாக விலகிய நாள்களில்தான் பெயர் மாற்றமும் அந்த அறிவிப்பும் வந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

குற்றவாளி செத்துப்போனான், நிறுவனத்தை ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை எங்கே தங்குவது, எந்த மேடையில் ஏறுவது, எப்போது வீட்டுக்குப் பேசுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது நிறுவனம். வாய் திறந்தால் மேடை போய்விடும் என்ற பயத்தை உண்டாக்குவதும் அதுவே. அந்தப் பயத்தால் வரும் இலாபத்தையும் அதுவே எடுக்கிறது. தென்கொரியாவில் த ஈஸ்ட் லைட் என்ற பதின்ம வயதுப் பையன்களின் இசைக்குழுவைத் தயாரிப்பாளர் ஒருவர் வருடக்கணக்கில் அடித்துவந்தது 2018இல் வெளியே வந்தது. அடித்தவர் சிறைக்குப் போனார். அங்கே நீதிமன்றம் அத்தோடு நிற்கவில்லை. கண்டும் தடுக்காத நிறுவனத் தலைவரைச் சிறுவர் கொடுமைக்குத் துணைபோனவர் என்று தீர்ப்பளித்து ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. நிறுவனத்துக்கும் அபராதம் விதித்தது. பையன்கள் பட்டதற்கு அந்தத் தண்டனை போதாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றவனும் பதில் சொல்ல வேண்டும் என்ற நியாயம் அங்கே நிலைநாட்டப்பட்டது.

நம் மன்னாருக்கு இது தூரத்துக் கதை அல்ல. பேசாலை, வங்காலைத் திருவிழா மேடைகளில் பாடுகிற பிள்ளைகளின் கண் இன்று சென்னைச் சனல்களில் இருக்கிறது. 2023இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் போன சிறுமிகள் ஜீ தமிழின் சரிகமப மேடையில் பாடினார்கள். யாழ்ப்பாணச் சிறுமி முதலிடமே பெற்றார். நாம் எல்லாரும் மகிழ்ந்த வெற்றி அது. அங்கே எவருக்கும் தீங்கு நடந்ததென்று நான் சொல்லவரவில்லை. பிள்ளை போகும் இடத்தில் ஊர்க்கண் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம்முடைய அண்ணாவியார்கள் கூத்துப் பழக்குவது ஊர் பார்த்திருக்கும் முற்றத்தில். அங்கேயும் தவறு நடக்காது என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் அண்ணாவியாரிடம் கோபித்துக்கொண்ட பிள்ளைக்கு வீடு பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்த் திரையுலகில் வளர்ந்த ஒருவர் பேசினாலே என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். பாடகி சின்மயி 2018 ஒக்டோபரில் பிரபல பாடலாசிரியர் ஒருவர்மீது பாலியல் புகார் சொன்னார், அவர் மறுத்தார். அடுத்த மாதமே டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியை உறுப்புரிமையிலிருந்து நீக்கியது. சந்தா கட்டாததே காரணம் என்றது சங்கம். பெயர் பெற்ற பாடகிக்கே தொழில் இப்படி ஆட்டங்காணுமென்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை யாரை நம்பி வாய் திறக்கும்?

தாய் தகப்பன் கையெழுத்திட்டுத்தானே அனுப்பினார்கள் என்பார்கள். பாட அனுப்பிய கையெழுத்து அது. அடிபட அனுப்பியது அல்ல. பிள்ளை படும் கொடுமைக்குச் சம்மதிக்கும் உரிமை பெற்றவருக்கும் கிடையாது. பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கவலை. அதற்காகவே நிறுவனத்துக்குக் கட்டுப்படாத விசாரணை வேண்டும். குற்றமற்றவரின் பெயரையும் அதுதான் காப்பாற்றும். சட்டத்தை இறுக்கினால் நம்முடைய கரையோர ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் கதவு அடைபடும் என்ற பேச்சைத்தான் நான் அதிகம் யோசித்தேன். இந்தியா 2017இல் சிறுவர் தொழில் விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி சிறுவர் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, மாவட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும், ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் வைப்பிலிடப்பட வேண்டும். இந்த விதிகள் வந்தபின்னும் எந்த மேடையும் மூடப்படவில்லை. நம் பிள்ளைகள் 2023இல் ஏறியதும் அந்த விதிகளுக்குப் பிறகுதான்.

இலங்கையில் நாம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. பிள்ளை கடல் தாண்டுமுன் அதன் ஒப்பந்தத்தைப் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வாசித்துப் பார்க்க வேண்டும். வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் அனுப்பக்கூடாது. நம் தண்டனைச் சட்டக்கோவையில் வன்புணர்வு என்பது இன்றும் பெண்ணுக்கு எதிரான குற்றம் மட்டுமே. பையன்களுக்கு நடப்பதை வேறு பிரிவில் தேட வேண்டும். 2017 வரை யப்பானிலும் இதே நிலைதான், கிட்டகாவா தப்பியதற்கு அதுவும் துணைபுரிந்திருக்கலாம். நம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தெரிந்தும் மறைத்த நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சட்டமும் வேண்டும். இவற்றை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள். தனக்கு நடந்த கொடுமையை ஒரு பிள்ளை சொல்லக் கேட்டவர்கள் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929.