புகார் வந்தாலே புத்தகத்தை எடுத்துவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பள்ளி நூலகங்களிலிருந்து பாலியல் வருணனை உள்ள புத்தகங்களை நீக்குவதைப் பாராட்டி, அப்படியொரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் கையில் ஆபாசம் போய்ச் சேரக்கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2023-இல் அங்கே நிறைவேறிய சட்டம் ஆபாசத்தோடு நிற்கவில்லை. ஒரு புத்தகம் 'பாலியல் நடத்தையை விவரிக்கிறது' என்று ஒரு பெற்றோரோ அந்த வட்டாரவாசி ஒருவரோ புகார் கொடுத்தால் போதும் என்றது அது. பள்ளி நடக்கும் ஐந்து நாட்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும், விசாரணை முடியும்வரை திரும்ப வைக்கக்கூடாது என்றது. எதற்காக விவரிக்கிறது, முழுப் புத்தகமும் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்கவில்லை. நான் எதிர்ப்பது அதைத்தான்.

டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) நாவலில் பெற்ற தந்தையே மகளை வன்புணர்வு செய்கிறான். மாயா ஏஞ்சலோ 1969-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், சிறுமியாக இருந்தபோது தாயின் காதலனால் தனக்கு நேர்ந்த கொடுமையை எழுதினார். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) வன்புணர்வுக்கு ஆளாகி, யாரிடமும் சொல்ல முடியாமல் ஊமையாகிப்போகும் பள்ளி மாணவியின் கதை. மூன்றுமே அமெரிக்கப் பள்ளிகளில் திரும்பத் திரும்பப் புகாருக்கு உள்ளானவை. 'விவரிக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இவையும் மஞ்சள் பத்திரிகையும் ஒரே தட்டில்தான் வந்து நிற்கும். ஒன்று கிளர்ச்சியூட்ட எழுதப்பட்டது. மற்றவை, தனக்கு நடந்தது இன்னதென்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பவை. குழந்தைகளைச் சீண்டுபவனின் பலமே அந்தப் பிள்ளையின் வாயடைப்புதான். பாதுகாப்பு என்ற பெயரில் முதலில் அகற்றப்படுவது அந்த வாயைத் திறக்கவைக்கும் புத்தகங்கள் என்றால், சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது?

படைப்பை முழுதாக எடுத்துக்கொண்டு, இலக்கிய மதிப்பையும் பார்த்தே ஆபாசத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இலேயே மில்லர் வழக்கில் சொல்லிவிட்டது. புளோரிடா அதைச் சுற்றிக்கொண்டு போனது. பள்ளி நூலகத்தில் எதை வைப்பது என்பது அரசின் சொந்தப் பேச்சு, அதில் யாரும் தலையிட முடியாது என்றுகூட மாநில அரசு வாதாடிப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி கார்லோஸ் மெண்டோசா அதை ஏற்கவில்லை; 'விவரிக்கிறது' என்ற பிரிவு வரம்பு கடந்தது, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்.

நடைமுறையில் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். புளோரிடாவின் எஸ்காம்பியா மாவட்டத்தில் 1,600-க்கும் மேற்பட்ட தலைப்புகள் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்டன. அவற்றில் மாணவர் அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இருந்தன. (அகராதியில் என்ன வருணனை என்று கேட்காதீர்கள், சொற்பொருள் இருந்ததே குற்றமாகிவிட்டது.) யூட்டா மாநிலத்தில் இதே போன்றதொரு சட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு பெற்றோர் பைபிள் மீதே புகார் கொடுத்தார். டேவிஸ் பள்ளி மாவட்டம் 2023-இல் அதைத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து எடுத்தது. கண்டனம் கிளம்பியதும் சில வாரங்களில் திருப்பி வைத்தது. ஐயோவா மாநிலத்தார் முன்யோசனைக்காரர்கள்: மத நூல்களுக்கு விலக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். தங்கள் அளவுகோலில் வேதமே தேறாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வேதத்தை முழுமையாகப் படித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்றால், மாரிசனுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை?

பெற்றோருக்கு உரிமை இல்லையா என்பீர்கள். உண்டு, தம் பிள்ளை விஷயத்தில். 'என் மகளுக்கு இந்தப் புத்தகத்தைத் தர வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் பள்ளி கேட்டே ஆகவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுப்பது வேறு. 2021-22 கல்வியாண்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஆராய்ந்தபோது, அவற்றில் 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை என்று தெரிந்தது. பள்ளியில் பிள்ளை இல்லாதவர்கள் மாதத்துக்கு ஒரு புகார்தான் தரலாம் என்று புளோரிடாவே 2024-இல் கட்டுப்பாடு கொண்டுவர நேர்ந்தது.

நூலகர் தேர்ந்தெடுக்கும்போதும் பல புத்தகங்களை விட்டுவிடுகிறாரே என்பது இன்னொரு வாதம். அவர் வயதைப் பார்த்து, படித்துப் பார்த்து விடுகிறார். 'ஜெண்டர் க்வீர்' போன்ற சித்திர நூலை மூன்றாம் வகுப்பில் வைக்க யாரும் கேட்கவில்லை. அதன் சில படங்கள் மேல்நிலைப் பள்ளிக்கே பொருந்துமா என்று விவாதிக்கலாம். புத்தகம் அலமாரியில் இருக்க, குழு அதை முழுதாகப் படித்துவிட்டு விவாதிக்கட்டும். வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காசில்லாத பிள்ளையை விடுங்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்தை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்தப் புத்தகத்தை யாரிடம் வாங்கித் தரச் சொல்லும்?

இதே சட்டம் இங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்த கட்டுரை அந்த ஐந்து நாள் விதியைப் பற்றியும் 2025 தீர்ப்பைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த இதழிலாவது அவற்றை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்