வாசல்ல நிக்கிறவனை உள்ளே இன்க்ளூட் பண்ணாதீங்கப்பா!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். போன வாரம் நண்பர் ஒருத்தர் தன்னோட தளத்து நிரலைக் காட்டி, "எல்லாப் பக்கத்தையும் ஒரே வரியில முடிச்சுட்டேன் பாரு"ன்னு பெருமைப்பட்டார். பார்த்தேன். முகவரியில 'பேஜ்'னு வர்ற மதிப்பை அப்படியே எடுத்து, கடைசியில புள்ளி பிஎச்பி ஒட்டி, இன்க்ளூடுக்குள்ள தள்ளியிருக்கார். இந்த வரி சாகவே சாகாதா சாமி?

சிரிக்கிற யோக்கியதை எனக்கில்லை. 2005ல தெரிஞ்சவர் ஒருத்தரோட கடைக்கு நான் செஞ்சு குடுத்த தளத்திலயும் இதே வரிதான். தீபாவளி சமயத்துல விலைப்பட்டியலுக்குப் பதிலா கறுப்புப் பக்கத்துல ஒரு மண்டை ஓடு. கடைக்காரர் போன் பண்ணி, "தம்பி, இது புது டிசைனா?"ன்னார். இன்னமும் காதுல ஒலிக்குது.

நடந்தது இதுதான். 'விலை'ன்னு வரவேண்டிய இடத்துல எவனோ வேற சர்வர்ல இருக்கிற கோப்போட முழு முகவரியைக் குடுத்திருக்கான். பிஎச்பியும் சமர்த்தா அங்கே போய், அதை எடுத்துட்டு வந்து, என் நிரலோட நிரலா ஓட்டிடுச்சு. நான் ஒட்டின புள்ளி பிஎச்பி என்ன ஆச்சுன்னா, அவன் முகவரிக் கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். நம்ம வால் அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால போய் ஒண்ணுத்துக்கும் உதவாம தொங்கிச்சு.

"அதெல்லாம் பழைய கதை"ம்பாங்க. சரிதான். 2006ல வந்த 5.2லேயே அலோ யூஆர்எல் இன்க்ளூட்னு தனி அமைப்பு வச்சு, அதை அணைச்சேதான் குடுத்தாங்க. 2019ல 7.4ல, இனி இதைப் பயன்படுத்தவே வேண்டாம்னும் சொல்லிட்டாங்க. ஆனா வெளி சர்வர் கதவை மூடினா உள்ளூர்க் கதவு மூடிக்குமா? 5.3.4 வர்றவரைக்கும் பேருக்குப் பின்னால %00 போட்டாலே ஒட்டின வால் அறுந்து விழும், சர்வர்ல எந்தக் கோப்பை வேணும்னாலும் கேட்கலாம். அது போயும் பிஎச்பியோட ஃபில்டர் வழி இருக்கு: உங்க கன்ஃபிக் கோப்பை ஓட்டாம, பேஸ்64ஆ மாத்தி உலாவியிலயே கொட்டிடும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லோட. இதுக்கு நீங்க ஒட்டற வால் தடையே இல்லை, அவனுக்கு வசதி!

அடுத்து வெட்டறவங்க கட்சி. "../ வந்தா எடுத்துடுவேன்." சரி, அவன் ....// னு அனுப்பினா? நடுவுல இருக்கிற ../ஐ எடுங்க. மிச்சம் என்ன? ../ தான். நீங்களே அவனுக்குச் செஞ்சு குடுத்தாச்சு.

பைத்தான் அன்பர்கள் அங்கே ரொம்பச் சிரிக்க வேண்டாம். வெளியிலருந்து வந்த பேரை இம்போர்ட்லிப்புக்குக் குடுத்தா அங்கேயும் இதே வியாதிதான். மாட்யூலை ஏத்தறதுன்னாலே அதுல இருக்கிறதை ஓட்டறதுதான். சந்தேகமா? 'திஸ்'ங்கிற மாட்யூலை இம்போர்ட் பண்ணிப் பாருங்க. எந்த ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டாம், பைத்தான் ஜென்னை அதுவே ஒப்பிக்கும்.

ஓடறப்போ மாட்யூல் ஏத்தறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. வேர்ட்பிரஸ் ப்ளகின் எல்லாம் அப்படித்தான் ஏறுது. ஆனா நிர்வாகி உள்ளே வந்து முடுக்கின ப்ளகின்களோட பட்டியல் டேட்டாபேஸ்ல இருக்கு, அதைப் பார்த்துதான் ஏத்தும். வழியில போறவன் சொன்ன பேரை ஏத்தாது. இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் இவ்வளவு கத்தறேன். 'விலை'ன்னா இந்தக் கோப்பு, 'தொடர்பு'ன்னா அந்தக் கோப்புன்னு ஒரு அரே போடுங்க. வந்த பேர் அதுல இருந்தா ஏத்துங்க, இல்லைன்னா முதல் பக்கத்தைக் காட்டிட்டுப் போங்க. பாதையை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

இதையெல்லாம் மூச்சுவிடாம நண்பர்கிட்ட சொல்லி முடிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்போ ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும் பட்டியலைத் திருத்தணுமே, பெரிய வேலையாச்சே"ன்னார்.

அவர் தளத்துல மொத்தமே ஏழு பக்கம். கடைசியாச் சேர்த்தது 2011ல.