உன் ஊர் எது?

“உன் ஊர் எது?” என்று கேட்டால் பலர் தயங்காமல் விடை கூறிவிடுவர். சிலருக்கோ அது எளிய கேள்வியன்று. ஜோகூர் பாருவில் வீடும் சிங்கப்பூரில் வேலையும் உள்ளவர்கள் அத்தகையோர். விடியும் முன்பே கிளம்பி, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஜோகூர் பாலத்தைக் கடந்து, இரவில் அதே வழியே வீடு திரும்புவது அவர்களின் அன்றாட வாழ்க்கை.

1924இல் திறக்கப்பட்ட அப்பாலம், இரு கரை மக்களையும் உறவினர்களாகவும் நண்பர்களாகவும் இணைத்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது நடுவே நாட்டின் எல்லை வந்தது. ஆயினும், உறவுகள் அறுந்துவிடவில்லை.

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர் எதிலும் உறுதியாக நிற்க முடியாது” எனச் சிலர் கருதுகின்றனர். இரண்டு ஊர்களையும் தம் ஊர் என்பவர், நெருக்கடி வந்தால் இரண்டையும் கைவிட்டுவிடுவார் என்பது அவர்களின் ஐயம். அத்தகைய நெருக்கடி 2020இல் உண்மையாகவே வந்தது.

கொவிட்-19 பரவியதால், அவ்வாண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியா தன் எல்லையை மூடியது. எந்தக் கரையில் தங்குவது என்பதை ஓரிரு நாள்களில் முடிவு செய்யவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. எங்கள் புளோக்கில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிய பேருந்து ஓட்டுநர் அவர்களுள் ஒருவர். ஊர் திரும்பினால் வேலைக்கு வர இயலாது. வேலையை விட்டால் குடும்பம் தவிக்கும். அவர் இங்கேயே தங்கினார். மருத்துவமனைக்குப் பணிக்குச் சென்ற தாதியரை நாள்தோறும் தம் பேருந்தில் ஏற்றிச் சென்றார். இரவில் தொலைபேசிவழி மகளுக்கு எழுத்துக் கற்பித்தார். அவருடைய தாயார் நோயுற்றபோது அருகில் இருக்க முடியாமல் கலங்கினார். ஆனால், ஒருநாளும் பேருந்தை எடுக்கத் தவறவில்லை. 2022 ஏப்ரலில் எல்லை முழுமையாகத் திறந்ததும் வீடு சென்றார். ஐந்து வயதில் அவர் விட்டுவந்த மகள், முதலாம் ஆண்டு மாணவியாக வாசலில் நின்றாள்.

அவர் எந்த ஊரைக் கைவிட்டார்? இரண்டையும் தாங்கினார் என்பதே என் கருத்து. ஒரு பிள்ளை தாயிடமும் பாட்டியிடமும் அன்பு காட்டுவதால் யாருக்கும் பங்கு குறைந்துவிடுவதில்லை. ஊர்ப்பற்றும் அப்படித்தான்.

எனினும், ஓர் ஊரில் சம்பளமும் மற்றோர் ஊரில் மலிவு விலையில் பொருள்களும் வாங்குவதால் மட்டும் இரண்டும் நம் ஊராகிவிடா. இரண்டு ஊர் என்பது இரட்டை வசதி என எண்ணுவோர் பலர். உண்மையில் அது இரட்டைப் பொறுப்பு. அங்கே தனியாக இருக்கும் முதியவரை நலம் விசாரிப்பதும் இங்கே அண்டைவீட்டாருக்கு உதவுவதும் அப்பொறுப்பில் அடங்கும்.

ஆகவே, “உன் ஊர் எது?” என்று யாரேனும் கேட்டால் இரண்டு பெயர்களையும் கூசாமல் சொல்லலாம். “அந்த ஊருக்கு நீ என்ன செய்கிறாய்?” என்பது அடுத்த கேள்வியானால், அதற்கும் நம்மிடம் இரண்டு விடைகள் இருக்கவேண்டும்.