வேகம் குறைந்த கணனி: வாங்கும் முன் பாருங்கள்

கடையில் தராசு பிழை காட்டினால் உடனே புதுத் தராசு வாங்க நாம் ஓடுவதில்லை. தட்டைத் துடைத்து, படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறோம். பில் போடும் கணனி மந்தமானால் மட்டும், திருத்துபவர் சொன்னதைக் கேட்டு புதியதொன்றை வாங்கத் தயாராகிவிடுகிறோம். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் ரெம் விலையும் கடுமையாக ஏறியது. இந்நிலையில் சோதிக்காமல் வாங்குவது முதலை வீணாக்கும் செயலாகும்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதன் 'பெர்போமன்ஸ்' பகுதியில் ரெம்மின் அளவு, பாவனை, வேகம் யாவும் தெரியும். மும்முரமான நேரத்தில் பாவனை 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரெம் போதாது. பாதியளவில் நின்றால் ரெம் கூட்டுவது வீண்செலவு. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

3200 என்று வாங்கிய ரெம் 2666இல் ஓடுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். கோர் ஐ3-10100 பிரொசசரும் எச்410 மதர்போர்டும் உள்ள கணனியில் அதற்கு மேல் ஓடாது. வேகம் வேறுபட்ட இரண்டு ரெம்களைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும்.

பிரொசசரின் வேகத்தையும் அங்கேயே பார்க்கலாம். ஐ3-10100இன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ். வேலை கடுமையாக நடக்கும்போதும் அது இதைவிட வெகுவாகக் கீழே நின்றால், தூசி அடைத்த விசிறி, காய்ந்துபோன பேஸ்ட், மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். மின்சாரம் நின்று வந்தபின் பில்லில் திகதி பிழையாக விழுந்தால், மதர்போர்டிலுள்ள சிறிய பெட்டரி தீர்ந்திருக்கக்கூடும். அப்போது பயோஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

சில திருத்துநர்கள் பயோஸில் எக்ஸ்எம்பியை இயக்கி ரெம்மின் வேகத்தைக் கூட்டித் தருவார்கள். விளையாட்டுக்கு அது நல்லது. கணக்குக்கு வேண்டாம் என்பதே எமது கருத்து. பிரொசசர் தயாரிப்பாளர் விதித்த வேகத்துக்கு மேலே ரெம்மை ஓட்டினால் பிழை வர இடமுண்டு. சாதாரணக் கணனிகளின் ரெம்மில் பிழை திருத்தும் வசதியும் இல்லை. கணனி நின்றுபோனால் நமக்குத் தெரியும். கடன் கணக்கில் ஓர் இலக்கம் மாறினால் தெரியாது. கொடுக்கல் வாங்கலில் பல ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கை அந்த ஓர் இலக்கத்தில் குலைந்துவிடும். பில் போடுவதில் மிச்சமாகும் கணப்பொழுது அதற்கு ஈடாகாது.

ஏற்கெனவே வேகம் கூட்டப்பட்டிருந்தால், கணக்குகளைப் பிரதி எடுத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் பழைய வேகத்துக்குத் திருப்புங்கள். அப்போதும் பிழை வந்தால் ரெம்மையே மாற்ற வேண்டும்.

திருத்துபவரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: திருத்துவதற்கு முன் இருந்த வேகம், பின் வந்த வேகம், மாற்றிய அமைப்பு ஆகிய மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரட்டும். சரக்கை நிறுத்துப் பார்த்து வாங்கும் நாம், இதையும் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.