வரியைப் பெயர்த்து எழுதினால் பதிலாகிவிடுமா?

கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேரிகளில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு இதை எழுதுகிறேன். 'உரைப்பத்தியைப் படித்து விடை தருக' என்ற கேள்விக்கு நாம் சொல்லிக்கொடுப்பது என்ன? கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடு, அந்த வரியை அப்படியே எழுது. மதிப்பெண் விழுந்துவிடும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒருமுறை கேட்டார்கள். பீசா எனும் பன்னாட்டுத் தேர்வை இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் எழுதின. படித்ததிலிருந்து காரணம் காட்டிச் சொந்தமாக எழுத வேண்டிய கேள்விகளும் அதில் உண்டு. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் 17 சதவீதம்தான். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்றது அரசு. 2012, 2015, 2018 தேர்வுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டாயிற்று!

சரி, நம் சூழலிலேயே ஒரு பத்தியை எடுப்போம். நந்தனார் கதை. 1916-இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விக் கழகத்துக்கு வைத்த பெயரும் அதுதான். 'நந்தனார் பிறந்த ஊர் எது?' ஆதனூர். இந்தக் கேள்விக்கு மூளையே வேண்டாம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'நந்தனாரைக் கொடுமைப்படுத்திய பண்ணையார் யார்? கதையிலிருந்து சான்று காட்டு.'

பெரியபுராணத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை திணறும். திணறட்டும். ஏனென்றால் சேக்கிழார் எழுதியதில் பண்ணையாரே இல்லை. ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட மானிய நிலத்தில் பிழைத்து, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அந்த நந்தனார். தில்லைக்குப் போக விடாமல் வதைக்கும் வேதியர் ஆண்டை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி பாடிய சரித்திரத்தில் வந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளைதான் 'இதில் அப்படி யாரும் இல்லை' என்று எழுதும். அந்த ஒரு வரி பத்து மனப்பாடப் பதிலுக்குச் சமம்.

அடுத்த கேள்வி: 'தீயில் இறங்கச் சொன்னது யார்? ஏன்?' சேக்கிழார்படி கனவில் வந்து சொன்னவர் இறைவன். தெற்கு வாயிலுக்கு முன் தீ வளர்த்தவர்கள் தில்லை அந்தணர்கள். நந்தனார் பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்தார். முதலில் இதை எழுதட்டும். அதன் பிறகு, 'பழைய உடம்போடு உள்ளே போக முடியாது என்பதை ஏற்கிறாயா?' என்று கேளுங்கள். 'இது அநியாயம்' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுங்கள். எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய், அந்த இடம் எப்படி அதைக் காட்டுகிறது என்றும் எழுத வேண்டும். நம் கட்சிக்காரப் பிள்ளை என்று சலுகை காட்டாதீர்கள். கோபம் நம்மிடம் ஏராளம், சான்றுதான் குறைவு.

நேரமில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது என்பீர்கள். வாரம் ஒரு பத்தி, மூன்று கேள்வி போதும். கைடை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

இது தேர்வோடு முடிகிற வேலையும் இல்லை. வாய்மொழியாகச் சொன்ன புகாரைக் காவல் அதிகாரி எழுதிய பிறகு, புகார்தாரருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. படித்துக் காட்டும்போது, சாதியைச் சொல்லித் திட்டியது அந்தத் தாளில் விடுபட்டிருந்தால் கண்டுபிடிக்கப்போவது யார்? வரியைப் பெயர்த்து எழுதிப் பழகிய பிள்ளை இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அடுத்த வாரப் பத்தியாக ஒரு புகார் மனுவையே கொடுங்கள். நடந்ததை முதலில் வாயால் சொல்லிவிட்டு, மனுவில் ஒரு செய்தியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, 'இதில் எது இல்லை?' என்று கேளுங்கள்.