கூலியை விட்டுவிட்ட கணக்கு

கருப்பைவாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் ஆண்டுதோறும் 75,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பலி கொள்கிறது. மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் ஜில்லாவில் ஒரே முறை செய்த எச்.பி.வி. வைரஸ் சோதனை அச்சாவைச் சுமார் பாதியாகக் குறைத்ததை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு இருவர்கூடச் சோதனை செய்துகொண்டதில்லை.

அறியாமையாம்! ஆஸ்பத்திரிக்குப் போனால் நடவுக் கூலி போகும், பஸ் காசும் போகும். அந்நியர்முன் படுக்கும் கூச்சம் வேறு. வீட்டிலேயே பஞ்சுக்குச்சியால் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றிருக்கிறது. சோதனைப் பொருளின் விலை அதிகம் என்று கணக்குக் காட்டும் கனவான்கள், அவள் இழக்கும் கூலியை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

சர்க்காரே அதைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கட்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சையும் வேண்டும். குச்சியை மட்டும் நீட்டிவிட்டு, நோய்க்குறி கண்டவளைத் தலைநகருக்கு அலையவிட்டால், மிச்சமான கூலி பஸ்ஸுக்கே சரி.